லேன் கேபிளைச் செருகியதும் வைஃபை ஒதுங்க: மடிக்கணினிக்கான முழு வழிகாட்டி

மேசையில் உட்கார்ந்து லேன் கேபிளைச் செருகினேன். 'டிக்' என்று சத்தம் கேட்டது, துளை ஓரத்தில் விளக்கும் எரிந்தது. சரி, இனி நெட் பறக்கும் என்று 4 ஜிபி ஃபைல் ஒன்றை மேலேற்ற ஆரம்பித்தால், வேகம் பழைய வேகம்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ஈதர்நெட் (லேன் கேபிள் இணைப்பு) கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது, வைஃபை கோடு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கேபிள் சும்மா அலங்காரத்துக்கு மாட்டியது போல ஆகிவிட்டது.

"விண்டோஸ் தானாகவே லேனுக்குத்தான் முதலிடம் கொடுக்கும், நீ ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு எண் கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கு சில நேரம் வைஃபை பக்கம் சாய்ந்துவிடும். என் மேசையில் அப்படிச் சாய்த்தது கேபிளுக்குள் அறுந்திருந்த ஒரு மெல்லிய கம்பி. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் போயின. உங்களுக்கு அரை மணி நேரத்தில் முடியட்டும்.

'தானாக மாற வேண்டும்' என்று நாம் சொல்வதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டு இணைப்பும் உயிரோடு இருந்தால் டேட்டா எந்தப் பக்கம் போக வேண்டும்? கேபிள் இருக்கும்போது வைஃபை முழுதாகவே அணைந்துவிட வேண்டுமா? கேபிள் செருகியிருந்தும் அதில் நெட் வராவிட்டால் என்ன ஆக வேண்டும்? பலரும் நேராக இரண்டாவது கேள்விக்குப் போய், வைஃபையை அணைக்கும் ஸ்கிரிப்ட் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். முதல் கேள்வியைச் சரிசெய்தாலே பத்தில் ஒன்பது பேருக்கு வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். அதனால் அந்த வரிசையிலேயே போகலாம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் விரிவாகச் சொல்கிறேன். மேக்கும் லினக்ஸும் கடைசியில்.

படி 1: கேபிள் என்ன வேகத்தில் இணைந்திருக்கிறது?

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → ஈதர்நெட் போனால் 'லிங்க் ஸ்பீட்' என்று ஒரு வரி இருக்கும். 1000/1000, அதாவது ஒரு கிகாபிட் என்று இருந்தால் நல்லது. 100/100 என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் 'மெட்ரிக்' என்று ஒரு எண் கொடுக்கிறது. எண் குறைவாக இருக்கும் இணைப்புக்கே முதலிடம். நாம் எதையும் மாற்றாவிட்டால் இணைப்பு வேகத்தை வைத்து அதுவே எண்ணைப் போட்டுக்கொள்ளும். விண்டோஸ் 10 முதல் வயர் இணைப்புக்கு ஒரு பட்டியல், வைஃபைக்கு வேறு பட்டியல். கிகாபிட் கேபிளுக்கு 25, 100 மெகாபிட் கேபிளுக்கு 35. வைஃபையில் 500 மெகாபிட்டுக்கு மேல், 2 கிகாபிட்டுக்குள் இருந்தால் 30. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 866 மெகாபிட்டில் இணைந்த வைஃபைக்கு 30, 100 மெகாபிட்டில் இணைந்த கேபிளுக்கு 35. வைஃபை ஜெயித்துவிட்டது. இன்னொரு வேடிக்கை: வைஃபை 6 உள்ள புதிய மடிக்கணினி, நல்ல ரவுட்டருக்குப் பக்கத்தில் 2 கிகாபிட்டைத் தாண்டி இணைந்தால் அதற்கும் 25தான். கிகாபிட் கேபிளோடு சரிக்குச் சரி.

கேபிள் ஏன் 100இல் நிற்கிறது? லேன் கேபிளைக் கிழித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி அறுந்தாலும், பிளக்கில் சரியாக அழுத்திப் பொருத்தப்படாவிட்டாலும், இரு முனைக் கருவிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகமே வராது. என் கேபிளில் பிளக்கின் சின்ன பிளாஸ்டிக் கிளிப் எப்போதோ உடைந்திருந்தது. லேசாக இழுத்தாலே வெளியே வரும். அதை அழுத்தி அழுத்திச் செருகியே கம்பியை அறுத்திருக்கிறேன். புதிய பேட்ச் கேபிள் மாட்டியதும் 1000/1000 வந்தது. அந்த நொடியிலேயே விண்டோஸ் கேபிள் பக்கம் திரும்பிவிட்டது, ஒரு அமைப்பைக்கூட நான் மாற்றவில்லை.

கேபிள் நன்றாக இருந்தும் 100தான் வருகிறதா? ரவுட்டரின் துளையே 100 மெகாபிட்டாக இருக்கலாம். விலை குறைந்த ரவுட்டர்களிலும் பழைய யூஎஸ்பி டாங்கிள்களிலும் (யூஎஸ்பி துளையில் செருகி லேன் துளை தரும் சின்னக் கருவி) இது சாதாரணம். அப்போது கேபிளை மாற்றிப் பயனில்லை, அடுத்த படியில் மெட்ரிக்கை நாமே போட வேண்டும். ஆனால் ஒன்று: 100 மெகாபிட் கேபிளைவிட 866 மெகாபிட் வைஃபை நிஜமாகவே வேகமாக இருக்கலாம். உங்கள் நெட் திட்டமே 50 மெகாபிட் என்றால் வித்தியாசம் தெரியாது. 300 மெகாபிட் திட்டம் என்றால் கேபிளுக்கு மாறுவது இறங்குமுகம். வீடியோ மீட்டிங் திணறாமல் இருப்பதுதான் முக்கியம் என்றால் அப்போதும் நான் கேபிளைத்தான் எடுப்பேன்.

படி 2: திரும்பி வரும் வழியைத் திறந்து வையுங்கள்

கேபிளைப் பிடுங்கியதும் வைஃபை தானாக வர வேண்டுமானால், அந்த வைஃபை பெயருக்கு 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' டிக் இருக்க வேண்டும். செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → வைஃபை → மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் போய், உங்கள் வைஃபையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நாமே 'டிஸ்கனெக்ட்' அழுத்தி வெளியேறிய வைஃபையோடு விண்டோஸ் மறுபடி தானாகச் சேராமல் போகலாம். 'நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை' என்பதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

அப்படியே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டு வைஃபை 'பிரைவேட்' என்று இருக்கும், அதே ரவுட்டரின் லேன் 'பப்ளிக்' என்று இருக்கும். விண்டோஸுக்கு இவை இரண்டு தனித்தனி நெட்வொர்க். கேபிள் செருகியதும் பகிர்ந்த ஃபோல்டர் காணாமல் போவது இதனால்தான். வீட்டில் இரண்டையும் பிரைவேட் ஆக்குங்கள். காபிக்கடை வைஃபையை மட்டும் பப்ளிக்கிலேயே விடுங்கள்.

படி 3: முன்னுரிமையைக் கையால் போடுவது

வின்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் என்சிபிஏ, ஒரு புள்ளி, சிபிஎல் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்துகளில் அடித்து என்டர் கொடுங்கள். எல்லா இணைப்புகளும் ஐகான்களாக வரிசைகட்டும்.

இங்கேதான் வழக்கமாகச் சொல்லப்படும் முறையிலிருந்து நான் கொஞ்சம் விலகுகிறேன். 'ஈதர்நெட்டின் எண்ணைக் குறை' என்பார்கள். நான் வைஃபையின் எண்ணைக் கூட்டச் சொல்வேன். காரணம், இந்த அமைப்பு ஒவ்வொரு அடாப்டருக்கும் தனித்தனி. மடிக்கணினியில் உள்ள லேன் துளை ஒன்று, அலுவலக டாக்கில் (மடிக்கணினியைச் செருகி வைக்கும் இணைப்புப் பெட்டி) உள்ளது இன்னொன்று, பையில் கிடக்கும் யூஎஸ்பி டாங்கிள் மூன்றாவது. ஒன்றில் எண்ணைக் குறைத்துவிட்டு வேறு டாக்கில் போய் உட்கார்ந்தால் பழைய கதைதான். வைஃபை அடாப்டரோ ஒன்றே ஒன்று. அதைப் பின்னால் தள்ளினால், எந்தக் கேபிள் வந்தாலும் முன்னால் போகும்.

1. வைஃபை ஐகானில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள்.
2. பட்டியலில் 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4' வரியைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே உள்ள பிராப்பர்ட்டீஸ் பட்டனை அழுத்துங்கள். வரியின் டிக்கை எடுத்துவிட வேண்டாம்.
3. அட்வான்ஸ்டு பட்டன். திறக்கும் பெட்டியின் அடியில் 'ஆட்டோமேட்டிக் மெட்ரிக்' டிக்கை எடுங்கள்.
4. பக்கத்துப் பெட்டியில் 100 என்று போட்டு எல்லாப் பெட்டியிலும் ஓகே கொடுத்து வெளியே வாருங்கள்.
5. திரும்ப வந்து 'வெர்ஷன் 6' வரிக்கும் இதையே செய்யுங்கள்.

ஐந்தாவதை விட்டுவிடாதீர்கள். இவை இணைய முகவரியின் பழைய, புதிய வகைகள். வெர்ஷன் 4க்கு ஒரு மெட்ரிக், வெர்ஷன் 6க்கு வேறு மெட்ரிக். இப்போது பல நெட் இணைப்புகள் இரண்டு முகவரிகளோடும் வருகின்றன. பெரிய தளங்கள் பலவும் வெர்ஷன் 6 வழியாகத் திறக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் பாதி டேட்டா கேபிளில், பாதி வைஃபையில் என்று ஓடும். வேகம் ஏன் இப்படிக் குழப்பமாக இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

படி 4: சோதனை

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வீடியோவைப் புதிதாக ஓட விடுங்கள். ஈதர்நெட் கோடு ஏறினால் வெற்றி.

'புதிதாக' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வைஃபையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டவுன்லோடு, நடுவில் கேபிளைச் செருகியதால் கேபிளுக்குத் தாவாது. ஒவ்வொரு டிசிபி இணைப்பும் (தளத்தோடு நம் கணினி போடும் டேட்டா இணைப்பு) தொடங்கியபோது எந்த முகவரியோடு தொடங்கியதோ அதோடு கட்டுண்டிருக்கும். வைஃபைக்கு ஒரு முகவரி, லேனுக்கு வேறு முகவரி. பழைய இணைப்பு முடியும்வரை வைஃபையிலேயே ஓடும், புதிதாகத் தொடங்குபவைதான் கேபிளில் போகும். இது தெரியாமல் 'மாறவே இல்லை' என்று அமைப்புகளைத் திரும்பத் திரும்பத் தோண்டுபவர்கள் நிறைய.

அடுத்து, எதிர்த்திசைச் சோதனை. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் கட்டளையோடு 8.8.8.8 என்ற முகவரியும், சிறு கோடு போட்டு டி எழுத்தும் கொடுங்கள். வரி வரியாகப் பதில் வந்துகொண்டே இருக்கும். இப்போது கேபிளைப் பிடுங்குங்கள். வைஃபை பின்னணியில் இணைந்தே இருந்தால் ஒன்றிரண்டு வரி மட்டும் தவறி, பிறகு பதில் தொடரும். வைஃபை அணைந்திருந்தால், அது விழித்து, ரவுட்டரைத் தேடி, கடவுச்சொல் சரிபார்த்து, முகவரி வாங்கி வர வேண்டும். என் மடிக்கணினியில் நான்கைந்து வரிகள் காணாமல் போகின்றன. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து அடுத்த அறைக்குப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. அவர்கள் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எப்படி மாறினாலும் சில விஷயங்கள் அறுந்துதான் போகும். தொலைவில் உள்ள கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச், ரிமோட் டெஸ்க்டாப், பல விபிஎன்கள் ஒரு தடவை விழுந்து எழும். முகவரி மாறினாலும் இணைப்பு தொடரும் வசதி, 2021இல் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த க்விக் நெறிமுறையில் இருக்கிறது. ஆனால் எல்லாத் தளங்களும் பிரவுசர்களும் அதைப் பயன்படுத்துவதில்லை. வங்கிப் பரிமாற்றம் பாதியில் இருக்கும்போது கேபிளைப் பிடுங்காதீர்கள், அவ்வளவுதான்.

படி 5: வைஃபை முழுதாகவே ஒதுங்க வேண்டுமா?

சிலருக்கு முன்னுரிமை மட்டும் போதாது. இரண்டும் ஒரே சமயத்தில் இணைந்திருக்கக் கூடாது என்று அலுவலக விதி இருக்கலாம். பெயர்களை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் கேள்விகளை விண்டோஸ் இரண்டு பக்கமும் அனுப்புவதால், அலுவலகத்துக்குள் மட்டும் திறக்கும் தளங்கள் தடுமாறலாம். அப்படியானால் இரண்டு வழிகள்.

முதல் வழி பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் மடிக்கணினியின் அடிப்படை அமைப்புத் திரை. வணிகப் பயன்பாட்டுக்கான மடிக்கணினிகளில் பல வருடங்களாகவே இந்த வசதி இருக்கிறது, பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எச்பியில் 'லேன் / டபிள்யூலேன் ஆட்டோ ஸ்விட்சிங்' (டபிள்யூலேன் என்பது வைஃபைதான்), அட்வான்ஸ்டு பகுதியில் பில்ட்-இன் டிவைஸ் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் இருக்கும். டெல்லில் 'வயர்லெஸ் ரேடியோ கன்ட்ரோல்' என்ற தலைப்பில் 'கன்ட்ரோல் டபிள்யூலேன் ரேடியோ'. லெனோவோ திங்க்பேடில் 'வயர்லெஸ் ஆட்டோ டிஸ்கனெக்‌ஷன்', நெட்வொர்க் அமைப்புகளுக்குள். மாடலுக்கு மாடல் இடம் கொஞ்சம் மாறும். இதை இயக்கினால் கேபிள் வந்ததும் வைஃபை ரேடியோவே உறங்கிவிடும், எடுத்ததும் எழும். மூன்றாம் நிறுவன யூஎஸ்பி டாங்கிளைப் பயாஸ் லேனாகக் கருதாமல் போகலாம். உங்களிடம் உள்ள டாங்கிளோடு சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது வழி விண்டோஸின் சொந்தக் கொள்கை. விண்டோஸ் புரோ இருந்தால், ரன் பெட்டியில் ஜிபிஎடிட், புள்ளி, எம்எஸ்சி அடித்துத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் → அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் → நெட்வொர்க் → விண்டோஸ் கனெக்‌ஷன் மேனேஜர் போங்கள். 'மினிமைஸ் தி நம்பர் ஆஃப் சைமல்டேனியஸ் கனெக்‌ஷன்ஸ்' என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள வரியைத் திறந்து, எனேபிள்டு கொடுத்து, கீழே உள்ள பட்டியலில் 3 என்று தொடங்கும் 'பிரிவென்ட் வைஃபை வென் ஆன் ஈதர்நெட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.  இதற்குப் பிறகு, கேபிள் இருக்கும்வரை நீங்களே கையால் முயன்றாலும் வைஃபை இணையாது.

ஹோம் பதிப்பில் அந்தத் திரை கிடையாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ லோக்கல் மெஷின் → சாஃப்ட்வேர் → பாலிசீஸ் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் வரை போய், டபிள்யூசிஎம்எஸ்விசி என்ற கீயும், அதற்குள் குரூப்பாலிசி என்ற கீயும் இல்லாவிட்டால் உருவாக்குங்கள். உள்ளே 32 பிட் டிவேர்ட் மதிப்பு ஒன்று. பெயர், சிறிய எஃப் எழுத்தோடு மினிமைஸ், கனெக்‌ஷன்ஸ் என்ற இரு சொற்களும் இடைவெளியின்றி ஒட்டியது. மினிமைஸில் இசட் வரும், எஸ் அல்ல. மதிப்பு 3. மடிக்கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பின்வாங்க நினைத்தால் அந்த மதிப்பை மட்டும் அழித்தால் போதும்.

அணைப்பதற்கு விலை உண்டு. கேபிளில் வரும் நெட்டை மொபைல் ஹாட்ஸ்பாட்டாக ஃபோனுக்குக் கொடுப்பதும், டிவிக்குத் திரையை வயரில்லாமல் அனுப்புவதும் வைஃபை ரேடியோவை நம்பித்தான் நடக்கின்றன. பயாஸ் வழியில் ரேடியோ உறங்கினால் இரண்டும் போச்சு.

கேபிள் இருக்கிறது, நெட் இல்லை

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ரவுட்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் தெருவில் எங்கோ ஃபைபர் அறுந்து நெட் இல்லை. விண்டோஸ் மெட்ரிக்கைப் போடுவது இணைப்பு வேகத்தைப் பார்த்துத்தான், நெட் வருகிறதா என்று பார்த்து அல்ல. அதனால் ஃபோன் ஹாட்ஸ்பாட்டோடு வைஃபையில் இணைந்தாலும், டேட்டா செத்த கேபிள் பக்கமே போய் முட்டிக்கொண்டிருக்கும். 3ஆம் கொள்கையைப் போட்டவர்களுக்கு இன்னும் மோசம், ஹாட்ஸ்பாட்டோடு இணையவே முடியாது. தீர்வு எளிது: கேபிளைப் பிடுங்குங்கள். ஆனால் பதற்றத்தில் அது தோன்றாது. ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டு, ஃபோனை மறுதொடக்கம் செய்து, கடைசியில்தான் கேபிளைப் பார்ப்போம். நான் பார்த்திருக்கிறேன், நானேதான்.

இதோடு ஒட்டிய ஒரு பொறி: ஃபோனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங் செய்தால் (ஃபோனின் நெட்டை மடிக்கணினிக்குப் பகிர்ந்தால்), விண்டோஸுக்கு அது வைஃபை அல்ல. இன்னொரு வயர் நெட்வொர்க்காகவே கணக்கில் வரும். வைஃபைக்கு 100 போட்ட மடிக்கணினியில், சார்ஜ் ஏற்றச் செருகிய ஃபோனில் டெதரிங் இயங்கிக்கொண்டிருந்தால், வீட்டு வைஃபையை விட்டுவிட்டு அன்றைய மொபைல் டேட்டாவைக் காலிசெய்துவிடும். ஃபோனின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

மேக், லினக்ஸ்

மேக்கில் வேலை குறைவு. சிஸ்டம் செட்டிங்ஸ் → நெட்வொர்க் போய், மூன்று புள்ளி மெனுவில் 'செட் சர்வீஸ் ஆர்டர்' எடுத்து, டாக் அல்லது டாங்கிளின் ஈதர்நெட்டை இழுத்து வைஃபைக்கு மேலே விடுங்கள். வைஃபை ஐகான் மேலே தெரிந்துகொண்டே இருக்கும், கவலை வேண்டாம். டேட்டா கேபிளில்தான் போகும். வைஃபையை அணைக்க ஆசைப்படாதீர்கள், ஏர்டிராப்புக்கு அது வேண்டும்.

உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் நெட்வொர்க் மேனேஜர் ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600 என்று அடிப்படை எண் போடுகிறது. வேகம் என்னவானாலும் இந்த எண்கள் மாறாது. அதனால் என் மேசையில் நடந்த 100 மெகாபிட் கூத்து லினக்ஸில் நடக்காது. வைஃபை அணையவும் வேண்டுமானால், என்எம்சிஎல்ஐ-எக்ஸாம்பிள்ஸ் என்ற கையேட்டுப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் தயாராக இருக்கிறது. அதை நெட்வொர்க் மேனேஜரின் டிஸ்பேச்சர் ஃபோல்டரில் போட்டு, உரிமையாளர் ரூட் ஆகவும், இயக்கும் அனுமதியோடும், மற்றவர்கள் திருத்த முடியாதபடியும் வையுங்கள். அனுமதி சரியில்லாவிட்டால் அது சத்தமில்லாமல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

செத்த கேபிள் விஷயத்திலும் லினக்ஸ் ஒரு படி மேல். இணைப்புச் சோதனை இயங்கிக்கொண்டிருந்தால், நெட் வராத இணைப்பின் எண்ணோடு 20000 கூட்டிவிடும். ஈதர்நெட் 100 என்பது 20100 ஆகும், 600இல் இருக்கும் வைஃபை முன்னால் வந்துவிடும். ஐபி ரூட் கட்டளையைக் கொடுத்து, முதல் வரிகளில் 20100 என்று தெரிந்தால் கேபிளில் கோளாறு தேட வேண்டாம். நெட்காரருக்கு ஃபோன் போடுங்கள்.